கடைசிப் பக்கத்தில் ஒரு வரி

தில்லியில் நாற்பது ஆண்டுகள் குடியிருந்துவிட்ட எந்தத் தமிழ்க் குடும்பத்தைக் கேட்டாலும் சொல்வார்கள், ஊரிலிருந்து நம் வீட்டுக்கு வரும் விருந்தினர் மூன்று வகை என்று. காசி, ஹரித்வார் போகிற வழியில் இரண்டு நாள் தங்குகிறவர்கள் ஒரு வகை. பிள்ளைக்கு இண்டர்வியூ, பெண்ணுக்கு அட்மிஷன் என்று வருகிறவர்கள் இன்னொரு வகை. மூன்றாவது வகை, மஞ்சள் பையில் கேஸ் கட்டோடு வருகிறவர்கள். முதல் இரு வகையினருக்கு என்ன செய்யவேண்டும் என்பது நமக்கு அத்துப்படி. மூன்றாவது வகையினருக்குக் காபி கொடுக்கிறோம், படுக்க இடம் கொடுக்கிறோம், திலக் மார்க்குக்கு எந்த மெட்ரோவில் போவது என்று சொல்கிறோம். அதற்கு மேல் நமக்கு ஒன்றும் தெரியாது. தெரியாமல் இருப்பது தவறு என்று எனக்கு உறைத்தது என் பெரியம்மா மகள் வந்து போன பிறகுதான்.

நான் வக்கீல் அல்ல. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, செக்ஷன் ஆபீசராக ஓய்வு பெற்றவன். ஆகவே சட்ட நுணுக்கம் பேச வரவில்லை. ஒரு வீடு கைவிட்டுப் போன கதையையும், அதிலிருந்து நான் கற்றுக்கொண்டதையும், அதன் பேரில் எனக்கு உண்டான ஓர் அபிப்பிராயத்தையும் சொல்லவே இதை எழுதுகிறேன்.

அக்காவின் மஞ்சள் பை

அக்காவுக்கு வயது 68. கணவரை இழந்தவர். கும்பகோணத்துப் பக்கம் ஒரு கிராமத்தில் புகுந்த வீட்டுப் பங்காக வந்த ஓட்டு வீடும் கொல்லையும்தான் சொத்து. கணவரின் பங்காளிகள் அது பொதுச் சொத்து என்று தாவா போட்டார்கள். முன்சீப் கோர்ட்டில் அக்கா பக்கம் தீர்ப்பு. சப் கோர்ட்டில் அது மாறிற்று. மதுரை ஹைகோர்ட் கிளையில் அக்கா போட்ட இரண்டாவது அப்பீல் தள்ளுபடியாயிற்று. "இனி தில்லிதாம்மா, அங்கே போட்டுக்கலாம், அவசரமில்லை" என்று வக்கீல் சொன்னாராம். அக்காவும் அதை நம்பினார். நடுவில் மகளுக்குப் பிரசவம், தனக்குக் கண் ஆபரேஷன். ஏழாவது மாதத்தில்தான் தீர்ப்பின் நகலுக்கே மனுப் போட்டிருக்கிறார் அந்த வக்கீலின் குமாஸ்தா. பதின்மூன்றாவது மாதத்தில் அக்கா தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் வந்து இறங்கினார்.

இங்கே நண்பர் ஒருவர் மூலம் ஒரு வக்கீலைப் பிடித்தோம். அவர் கட்டைப் பிரிக்கவே இல்லை. "தீர்ப்புத் தேதி என்ன?" என்று கேட்டார். சொன்னோம். விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "அம்மா, கேஸ் நல்ல கேஸாகவே இருக்கலாம். ஆனால் முதலில் இந்த நாட்களுக்குப் பதில் சொல்லவேண்டும்" என்றார். அந்த வார்த்தையின் கனம் எங்களுக்கு அப்போது புரியவில்லை.

மனுப் போடுகையில் தாமதம் 300 நாட்களைத் தாண்டியிருந்தது. தாமதத்தை மன்னிக்கும்படி ஒரு மனு, அதோடு அப்பீலுக்கு அனுமதி கேட்டு ஒரு மனு. விசாரணை இரண்டு நிமிடம் நடந்திருக்கும். தாமதத்துக்குச் சொன்ன காரணம் போதுமானதல்ல, ஆகவே தள்ளுபடி. நீதிமன்றத்தை நான் குறை சொல்லவில்லை. அக்காவின் பிரசவக் கதைக்கும் கண் ஆபரேஷனுக்கும் காகிதத்தில் சரியான அத்தாட்சி எங்களிடம் இல்லை. ஆனால் அன்று இரவு அக்கா சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை: "தம்பி, நான் கேக்குறது தப்புன்னு சொல்லியிருந்தாக் கூட மனசு ஆறிடும். நான் என்ன கேட்டேன்னே யாரும் பாக்கலையே!"

உரிமை அல்ல, அனுமதி

நம்மவர்களில் பலர், கீழ்க் கோர்ட்டில் தோற்றால் ஹைகோர்ட், அங்கே தோற்றால் சுப்ரீம் கோர்ட் என்று மாடிப்படி போல நினைக்கிறோம். முதல் அப்பீல் பெரும்பாலும் உரிமை. சிவில் வழக்கில் இரண்டாவது அப்பீலுக்கு முக்கியமான சட்டப் பிரச்சினை ஒன்று இருக்கவேண்டும். உச்ச நீதிமன்றத்துக்கு வருவதோ பெரும்பாலான வழக்குகளில் உரிமையே அல்ல, அனுமதி. அரசியல் சட்டத்தின் 136-வது பிரிவின்படி, "அப்பீல் செய்ய எனக்கு அனுமதி தாருங்கள்" என்று முதலில் கேட்கவேண்டும். இதைத்தான் ஸ்பெஷல் லீவ் பெட்டிஷன் என்கிறார்கள். அனுமதி கிடைத்தால்தான் அப்பீலே பிறக்கிறது. கிடைக்காவிட்டால், ஹைகோர்ட் தீர்ப்பு சரி என்று மேல் கோர்ட் சொன்னதாகவும் ஆகாது. இதை 2000-ல் உச்ச நீதிமன்றமே ஒரு கேரள வழக்கில் விளக்கியிருக்கிறது. வாசலில் திருப்பி அனுப்பப்பட்டோம், அவ்வளவுதான்.

இன்னொரு வழியும் உண்டு. இது மேல் கோர்ட்டுக்குப் போகத் தகுந்த வழக்கு என்று ஹைகோர்ட்டே சான்றிதழ் கொடுக்கலாம். ஆனால் 134-ஏ பிரிவின்படி அதைத் தீர்ப்புச் சொன்ன உடனேயே, அந்த அறையிலேயே, வாய்மொழியாகக் கேட்கவேண்டும். நீதிபதிகள் தாங்களாகவும் தரலாம். வக்கீல் அந்த நிமிடம் எழுந்து நின்று கேட்காவிட்டால் அந்தக் கதவு சாத்திக்கொள்கிறது.

ஒரு காலத்தில் நிலைமை இதைவிட மோசம். 1949 வரை தஞ்சாவூர்க்காரரின் வழக்குக்குக் கடைசி வாசல் லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில். சிவில் வழக்கானால் சொத்தின் மதிப்பு பொதுவாகப் பத்தாயிரம் ரூபாய்க்குக் குறையக் கூடாது. குடியரசு ஆன பிறகும் 133-வது பிரிவில் இருபதாயிரம் ரூபாய் என்று ஒரு வரம்பு இருந்தது. 1973-ல்தான் அது நீங்கிற்று. ஆக, பணத்தால் போட்ட தாழ்ப்பாளைச் சட்டம் எடுத்துவிட்டது. நாளால் போட்ட தாழ்ப்பாளும் காகிதத்தால் போட்ட தாழ்ப்பாளும் அப்படியே இருக்கின்றன.

நாள் கணக்கு

உச்ச நீதிமன்றத்தில் அனுமதி மனுப் போட, ஹைகோர்ட் தீர்ப்புத் தேதியிலிருந்து 90 நாட்கள். ஹைகோர்ட்டில் சான்றிதழ் கேட்டு மறுக்கப்பட்டிருந்தால், மறுத்த தேதியிலிருந்து 60 நாட்கள். மரண தண்டனை வழக்கிலும் 60. கீழே வந்தால், முன்சீப் கோர்ட் தீர்ப்பின் மேல் சப் கோர்ட்டுக்கு 30 நாட்கள். ஹைகோர்ட்டுக்கு 90 நாட்கள். செஷன்ஸ் கோர்ட் தண்டனையின் மேல் ஹைகோர்ட்டுக்கு 60 நாட்கள். மரண தண்டனையானால் 30. தேசிய நுகர்வோர் ஆணையத்தின் தீர்ப்பின் மேல் உச்ச நீதிமன்றத்துக்கு 30 நாட்களே. ஒவ்வொரு சட்டத்துக்கும் ஒரு கணக்கு என்பதால், பக்கத்து வீட்டுக்காரர் கேஸுக்கு 90 நாள் என்றால் நமக்கும் 90 என்று இருந்துவிடக் கூடாது.

இதில் நமக்குச் சாதகமான ஓர் ஏற்பாடு உண்டு. 1963-ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டம் 12-வது பிரிவின்படி, தீர்ப்பு நாளும், நகல் வாங்க அவசியமாக ஆன நாட்களும் கணக்கில் கழிந்துவிடும். நகலில் மனுப் போட்ட தேதி, நகல் தயாரான தேதி, கொடுத்த தேதி எல்லாம் முத்திரையில் இருக்கும். ஆனால் இந்தக் கழிவு, கெடுவுக்குள் நகலுக்கு மனுப் போட்டவருக்குத்தான் உதவும். கெடு முடிந்த பிறகு மனுப் போட்டால் கழிக்க என்ன இருக்கிறது? நகல் தயாராகிவிட்டது என்ற பிறகும் வாங்காமல் போட்டுவைத்த நாட்களும் நம் தலையில்தான். அக்காவின் விஷயத்தில் நடந்தது முதல் தவறு. தீர்ப்பான மறுநாளே நகலுக்கு மனுப் போட்டிருந்தால் பாதிக் கவலை தீர்ந்திருக்கும்.

தாமதத்தை நீதிமன்றம் மன்னிக்கவே மன்னிக்காது என்றும் நினைக்கவேண்டாம். அதே சட்டத்தின் 5-வது பிரிவு அதற்காகவே இருக்கிறது. 1987-ல் காஷ்மீர் நில ஆர்ஜித வழக்கு ஒன்றில், தாமத மனுக்களைத் தாராள மனத்தோடு பார்க்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1998-ல் சென்னையிலிருந்து வந்த ஒரு வழக்கில், ஒருதலையான தீர்ப்பை நீக்கக் கேட்டவரின் 883 நாள் தாமதத்தையே மன்னித்தது. அவருடைய வக்கீல் கைவிட்டுவிட்டார். அவர் அந்த வக்கீல் மீது நுகர்வோர் மன்றத்துக்கே போயிருந்தார். எத்தனை நாள் என்பது முக்கியமல்ல, சொல்லும் காரணம் நம்பத்தக்கதா என்பதே முக்கியம் என்றது நீதிமன்றம். மறுபக்கம், 2012-ல் தபால் துறை 427 நாள் தாமதித்து வந்தபோது, ஃபைல் மேசை மேசையாகப் போயிற்று என்ற சமாதானத்தை ஏற்காமல் தள்ளுபடி செய்தது. அரசாங்கமானாலும் நாள் நாள்தான். ஃபைல் தள்ளியே பிழைத்த எனக்கு அந்தத் தீர்ப்பின் நியாயம் நன்றாகவே புரிகிறது.

வக்கீல் தவறினால் கட்சிக்காரர் எங்கே போவது? நுகர்வோர் சட்டத்தின் கீழ் வக்கீல் மீது புகார் செய்ய முடியாது என்று 2024-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. பார் கவுன்சிலும் சிவில் கோர்ட்டும்தான் பாக்கி. ஆகவே நாளை எண்ணும் வேலையை வக்கீல் தலையில் மட்டும் போட்டுவிட்டு நாம் சும்மா இருக்க முடியாது.

காகிதமும் மொழியும்

நாள் சரியாக இருந்தாலும் காகிதம் சரியாக இருக்கவேண்டும். ஹைகோர்ட் தீர்ப்பின் சான்றிட்ட நகல், கீழ்க் கோர்ட் தீர்ப்புகள், வழக்கின் சுருக்கமும் தேதிவாரி நிகழ்ச்சிப் பட்டியலும், பிரமாணப் பத்திரம், வக்காலத்து, இதே தீர்ப்பை எதிர்த்து வேறு அனுமதி மனு போட்டிருக்கிறோமா என்பது பற்றிய வாக்குமூலம் எல்லாம் வேண்டும். கீழ்க் கோர்ட்டுகளில் காட்டாத புதுப் பத்திரத்தைத் தனி அனுமதி இல்லாமல் இங்கே நுழைக்க முடியாது. பீரோவிலிருந்து தாத்தா காலத்துச் சீட்டு ஒன்றை இப்போதுதான் கண்டெடுத்தோம் என்றால் அது லேசில் நடக்காது. கிரிமினல் வழக்கில் சிறைத் தண்டனை பெற்றவர் சரணடைந்ததற்கு அத்தாட்சி காட்டவேண்டும். இல்லாவிட்டால் விலக்குக் கேட்டு உத்தரவு வாங்கவேண்டும். ரிஜிஸ்ட்ரியில் குறை கண்டுபிடித்துத் திருப்பினால், திருத்திக் கொடுக்க 28 நாட்கள் என்று விதி இருக்கிறது.

எந்த வக்கீலும் இங்கே மனுத் தாக்கல் செய்துவிட முடியாது. அட்வகேட் ஆன் ரெக்கார்டு என்ற பதிவு பெற்ற வக்கீல்தான் செய்யலாம். நீதிமன்றம் நடத்தும் பரீட்சையில் தேறி, நீதிமன்றத்திலிருந்து 16 கிலோமீட்டருக்குள் அலுவலகம் வைத்திருப்பவர் அவர். டெலிவிஷனில் பார்க்கும் பெரிய வக்கீல்களானாலும் அவர் மூலமாகத்தான் வரவேண்டும். ஊர் வக்கீல், தில்லி வக்கீல், வாதாடும் வக்கீல் என்று மூன்று கைகள் மாறுவதில் சில வாரங்கள் ஓடிவிடுகின்றன.

பிறகு மொழி. 348-வது பிரிவின்படி உச்ச நீதிமன்ற நடவடிக்கை ஆங்கிலத்தில். அக்காவின் கட்டில் பத்திரங்களும் சாட்சியமும் தமிழில். அத்தனையும் ஆங்கிலமாக வேண்டும். நீதிமன்றம் ஏற்ற மொழிபெயர்ப்பாளரின் மொழிபெயர்ப்பு வேண்டும், அல்லது அதிலிருந்து விலக்குக் கேட்டுத் தனி மனுப் போடவேண்டும். எங்களுக்கு இதற்கே ஐந்து வாரம் பிடித்தது. சென்னை ஹைகோர்ட்டில் தமிழ் வேண்டும் என்று தமிழக சட்டமன்றம் 2006-ல் தீர்மானம் போட்டது. 2012-ல் உச்ச நீதிமன்றத்தின் முழு நீதிபதிகள் கூட்டம் அதை ஏற்கவில்லை. 2019-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளைப் பிராந்திய மொழிகளில் வெளியிடத் தொடங்கியபோது முதல் பட்டியலில் தமிழ் இல்லை. குரல் எழுந்த பிறகு சேர்த்தார்கள். தீர்ப்பு தமிழில் வருவது நல்லதுதான். ஆனால் அக்காவுக்குத் தமிழ் தேவைப்பட்டது அதற்கு வெகு முன்னால், முதல் 90 நாட்களுக்குள்.

சென்னையில் உச்ச நீதிமன்றக் கிளை வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நண்பர்கள் சொல்வார்கள். 130-வது பிரிவு அதற்கு இடம் தருகிறது. சட்டக் கமிஷனும் 2009-ல் தன் 229-வது அறிக்கையில் தெற்கே ஒரு கிளை வேண்டும் என்றது. எனக்கும் அதில் ஆசைதான். இன்று வீடியோ மூலம் வாதாடும் வசதியும் இ-ஃபைலிங்கும் வந்து தூரத்தைக் கொஞ்சம் குறைத்திருக்கின்றன. ஆனால் அக்காவைத் தோற்கடித்தது 2,180 கிலோமீட்டர் அல்ல. கோர்ட் அவர் தெருவிலேயே இருந்திருந்தாலும், கெடு 90 நாள் என்று தெரியாதவர் பதின்மூன்றாவது மாதத்தில்தான் போய் நின்றிருப்பார்.

என் அபிப்பிராயம்

கெடுவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ஜெயித்தவனுக்கும் நிம்மதி வேண்டும். பத்து வருஷம் கழித்து ஒருவன் வந்து அப்பீல் என்றால் யார் வீடு கட்டுவது, யார் கொல்லையில் தென்னை வைப்பது? என் குறை வேறு. கெடுவை மீறினால் உரிமை போய்விடும் என்கிற சட்டம், கெடு எவ்வளவு என்பதை உரிமைக்காரரிடம் சொல்லவேண்டாமா?

2005-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தபோது என் மேசையிலும் அந்த மனுக்கள் விழுந்தன. ஒருவருக்குத் தகவல் மறுத்தால், 7-வது பிரிவின் 8-வது உட்பிரிவின்படி மூன்று விஷயம் எழுதியே ஆகவேண்டும்: மறுப்புக்குக் காரணம், எத்தனை நாளுக்குள் அப்பீல், யாரிடம் அப்பீல். எத்தனை கடிதங்களில் அதை டைப் செய்திருப்பேன்! பத்து ரூபாய் கட்டி ஒரு டெண்டர் விவரம் கேட்டவருக்கு இந்த மரியாதை உண்டு. வீட்டை இழக்கிற ஒரு விதவைக்கு இல்லை. ஜெர்மனியில் 2014 முதல் சிவில் தீர்ப்புகளிலேயே, எங்கே, எத்தனை நாளுக்குள் அப்பீல் செய்யலாம் என்று எழுதவேண்டும் என்பது சட்டம். நம் நாட்டிலும் விதை விழுந்திருக்கிறது. 2024 அக்டோபரில், தண்டனைத் தீர்ப்பின் நகலோடு இலவச சட்ட உதவி பற்றிய ஒரு முகப்புத் தாளை இணைப்பது பற்றி ஹைகோர்ட்டுகள் பரிசீலிக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அதைச் சிவில் வழக்குக்கும் நீட்டினால் என்ன? தீர்ப்பின் கடைசிப் பக்கத்தில், வழக்காடியவரின் மொழியில் ஒரு வரி: "இதன் மேல் இன்ன கோர்ட்டில் இத்தனை நாளுக்குள் அப்பீல் செய்யலாம், இலவச சட்ட உதவிக்கு இந்த முகவரி." மை செலவு கூட ஆகாது.

அந்த முகவரி ஏன் முக்கியம் தெரியுமா? 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-வது பிரிவின்படி, பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. ஆதிதிராவிடர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், சிறையில் இருப்பவர்கள் ஆகியோருக்கும் அப்படியே. உச்ச நீதிமன்றத்திலேயே அதற்கென்று சட்டப் பணிகள் குழு இயங்குகிறது. அக்கா தன் இரண்டு வளையலை அடகு வைத்துத்தான் தில்லிச் செலவைப் பார்த்தார். அவருக்கும் தெரியாது. தலைநகரில் நாற்பது வருஷம் இருந்த எனக்கும் தெரியாது. வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

நம் சங்கம் செய்யக்கூடியது

தீர்ப்பில் ஒரு வரி சேர்க்க நாம் கேட்டுக்கொண்டே இருப்போம். அது வரும்போது வரட்டும். அதுவரை நம் கையில் உள்ளதைச் செய்யலாம். ஒன்று, மேலே சொன்ன நாட்கணக்கை ஒரே தாளில் அச்சிட்டு, விடுமுறைக்கு ஊர் போகும் உறுப்பினர் ஒவ்வொருவரிடமும் பத்துப் பிரதி கொடுக்கலாம். நம் அங்கத்தினரான வக்கீல் ஒருவர் அதைச் சரிபார்த்தால் போதும். இரண்டு, நம்மிடையே ஓய்வு பெற்ற ஸ்டெனோகிராபர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் எத்தனை பேர்! தமிழ்ப் பத்திரங்களுக்கு முதல் ஆங்கில வரைவு செய்து கொடுத்தால், வக்கீல் அதைச் சரிபார்த்து உரிய முறையில் தாக்கல் செய்துகொள்வார். மூன்று வாரம் மிச்சமாகும். மூன்று, ஊரிலிருந்து "ஒரு கேஸ் விஷயமா தில்லி வரணும்" என்று போன் வந்தால், "எந்த டிரெயின்?" என்று கேட்பதற்கு முன், "தீர்ப்புத் தேதி என்ன? நகலுக்கு மனுப் போட்டாச்சா?" என்று கேட்கலாம். விருந்தோம்பல் அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கட்டும்.

அக்கா ஊருக்குத் திரும்பும் அன்று புது தில்லி ஸ்டேஷனில் அந்த மஞ்சள் பையை என்னிடமே கொடுத்துவிட்டார். "இது இனிமே எனக்கு எதுக்கு?" என்றார். இப்போது அவர் மகள் வீட்டில் இருக்கிறார். பை என் அலமாரியில் இருக்கிறது. நாளைக்கே உங்கள் ஊரில் யாருக்காவது தீர்ப்புச் சொல்லியிருக்கலாம். அன்பர்கள் இன்று இரவே ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.